காவலூரும் அதன் வீதிகளும்

தமிழ் முதுகலை வகுப்புகளில் வீரமாமுனிவரை நாம் நடத்தும் முறை எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருந்து வருகிறது. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாட்டுக்கு வடிவம் தந்தவர், 1730இல் தொன்னூல் விளக்கம் எழுதியவர், 1732இல் சதுரகராதி தொகுத்தவர், பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து மடச் சீடர்களையும் நமக்குத் தந்தவர், தேம்பாவணி பாடியவர் என்று ஒரு பட்டியலைச் சொல்லி முடித்துவிடுகிறோம். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாக் கடற்கரையில் சிலையாக நிறுத்தப்பட்டவர் இந்தப் பட்டியலின் வீரமாமுனிவர்தான். அறிஞர், அயல்நாட்டார், தமிழ்த் தொண்டர். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நாம் அடுத்த அலகுக்குப் போய்விடுகிறோம்.

இந்தப் பட்டியலில் இடம் பெறாத ஒன்று உண்டு. அவர் பாடிய ஊர். ஏலாக்குறிச்சி, கோணான்குப்பம் ஆகிய இரண்டு ஊர்களையும், அங்கே இன்றைக்கும் ஆண்டு முழுவதும் வந்து போகும் மக்களையும் விட்டுவிட்டு அவருடைய பக்திப் பாடல்களைப் படிக்க முடியாது என்பது என் எண்ணம். அவற்றை இலக்கியமாகப் படிக்கவே முடியாது என்கிறேன். நம்பிக்கை உள்ளவர் போகட்டும், இலக்கியம் படிப்பவர் நூலகத்தில் இருக்கட்டும் என்ற பிரிவினை இங்கே செல்லாது.

தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டுத் திருவையாறு வழியாகக் கொள்ளிடப் பாலத்தைக் கடந்தால் திருமானூர். அங்கிருந்து கரையோரமாகச் சில கல் தொலைவில் ஏலாக்குறிச்சி. இந்த வழியில் போகிறவர் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. திருவையாறு மூவரும் பாடிய தலம். திருமானூரை அடுத்த திருமழபாடியும் மூவரும் பாடிய தலம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இரு மருங்கிலும் பாடல் பெறாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பது தத்துவம். ஐயாறன், மழபாடியான் என்பதுதான் வழிபாடு. ஊர்ப் பெயர் சேராத இறைவனை நம்முடைய பாட்டி தாத்தாக்கள் கூப்பிட்டதே இல்லை. தேவாரத்தில் ஊரை எடுத்துவிட்டால் பாதிப் பதிகங்கள் நிற்க மாட்டா.

இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் பிறந்து, இயேசு சபைத் துறவியாகி, 1710இல் கோவாவில் வந்து இறங்கிய கொன்ஸ்தான்சோ பெஸ்கி இதைப் புரிந்துகொண்டார். முதலில் தைரியநாதர் என்றும் பின்னர் வீரமாமுனிவர் என்றும் பெயர் வழங்கப்பெற்ற அந்த மனிதருடைய இலக்கிய மேதைமை தேம்பாவணியின் 3615 விருத்தங்களில் இருப்பதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். இருக்கட்டும். ஆனால் அவர் செய்தவற்றுள் மிகத் துணிச்சலானது வேறொன்று என்று நான் நினைக்கிறேன். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தார். அங்கே அடைக்கல அன்னையை எழுந்தருளச் செய்தார். பிறகு அந்த ஊரின்மீது கலம்பகம் பாடினார். திருக்காவலூர்க் கலம்பகம். கூடவே அடைக்கல மாலை, அடைக்கல நாயகி வெண்கலிப்பா, அன்னை அழுங்கல் அந்தாதி. ஆயிரம் ஆண்டுகளாக நாயன்மாரும் ஆழ்வாரும் செய்து வந்த காரியத்தை ஒரு வெளிநாட்டுத் துறவி தம் வாழ்நாளுக்குள் செய்து முடித்தார். மரியாளுக்குத் தமிழில் ஓர் ஊரைக் கொடுத்தார். விண்ணரசி என்ற பட்டம் தமிழனுக்குப் போதாது, அவள் எந்த ஊர் என்று கேட்பான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கலம்பகத்தைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயல் அல்ல. அந்தாதி ஒரே குரலில் போவது. மாலையும் அப்படியே. கலம்பகத்திலோ வெண்பாவும் விருத்தமும் கலித்துறையும் கலந்து வரும். அம்மானை ஆடும் பெண் வருவாள், குறத்தி வருவாள், பாணன் வருவான், சித்தன் வருவான், தூது போகும் பறவை வரும், ஊசல் வரும். உறுப்புகள் 18 என்பது மரபு. ஒரு தலத்தின் திருவிழாக் கூட்டத்தை அப்படியே யாப்புக்குள் கொண்டுவந்தால் கலம்பகம். வகுப்பில் 18 உறுப்புகளையும் மனப்பாடம் செய்து ஒப்பித்த மாணவர்களை ஒரு சனிக்கிழமை ஏலாக்குறிச்சிக்கு அழைத்துப் போனேன். தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே குழந்தைக்கு மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குடும்பம் காது குத்துக்காகத் தாய்மாமனைத் தேடிக்கொண்டிருந்தது. குளத்தடியில் சேற்றை எடுத்து முழங்காலில் பூசிக்கொண்டார் ஒருவர். உப்பும் மிளகும் விற்ற அம்மா, நெற்றியில் திருநீறோடு இருந்தார். “ஐயா, இது இலக்கியச் சுற்றுலாவா, திருயாத்திரையா?” என்று ஒரு மாணவி கேட்டார். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்றேன். அன்று கலம்பகத்தின் சில பாடல்களைக் கோயில் திண்ணையில் உட்கார்ந்து படித்தோம். வகுப்பறையில் இலக்கண விதியாக மட்டுமே இருந்த உறுப்புகள் அங்கே ஆட்களாக நடமாடின.

சேற்றுக்கும் ஒரு கதை உண்டு. அரியலூரை ஆண்ட மழவராயருக்கு ராஜபிளவை வந்ததாகவும், முனிவர் மாதாவை வேண்டிக் குளத்து மண்ணை எடுத்துப் பூசக் குணமானதாகவும், மன்னர் நிலம் கொடுத்ததாகவும் சொல்கிறார்கள். நிலக்கொடையைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பிளவையைக் குறித்து வரலாற்றாசிரியர் என்ன சொல்வார் என்பது எனக்கு முக்கியமில்லை. கூன்பாண்டியன் வெப்புநோயும் திருநீறும் நமக்குத் தெரியாத கதையா? ஒரு தலம் தனக்குரிய புராணத்தை எந்தப் பாத்திரத்தில் வார்த்துக்கொள்ளும் என்பதற்கு இது நல்ல சான்று. மன்னனின் நோய், முனிவரின் மருந்து, மானியம். வீரமாமுனிவரின் வாழ்க்கையே இப்படித்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. புதுவை முத்துசாமிப் பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய சரித்திரத்தில் வரும் காவியும் பல்லக்கும், சந்தா சாகிபுவிடம் திவானாக இருந்தார் என்ற செய்தியும் பின்னால் ஆய்வாளர்களால் ஐயுறப்பட்டன. அவர் இறந்தது 1742இல் மணப்பாட்டிலா, 1747இல் சேரநாட்டு அம்பழக்காட்டிலா என்பதிலும் வழக்கு இரண்டாக இருந்தது. பிந்தியதே இப்போது ஏற்கப்படுகிறது. தலபுராணம் எழுதியவரையே தலபுராணம் விழுங்கிவிட்டது.

காவலூர் என்ற பெயரில் அரசியலும் இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரசில் 1701இல் கிறித்தவர்கள் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டனர். கொள்ளிடத்துக்கு வடக்கே மழவராயர் நிலம். ஆற்றைக் கடந்தால் ஆட்சி மாறிவிடும். அடைக்கலம் என்ற சொல்லைச் சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையாகப் படிக்கும் நமக்கு, இங்கே அது துணிமூட்டையோடு ஆறு கடந்தவர்களின் சொல்லாக இருந்திருக்கும் என்பது உடனே தோன்றுவதில்லை. மாதாவுக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. ஆரோக்கியம் என்றும் செபமாலை என்றும் பனிமயம் என்றும் சொல்லலாம். இங்கே அவளை அடைக்கலம் என்று அழைத்தவர்களுக்கு அதற்கான தேவை இருந்தது.

கோணான்குப்பம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. விருத்தாசலத்துக்கு அருகில், முகாசபரூரை ஒட்டிய ஊர். அங்கே மாதாவின் பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் சிவன் கோயிலில் அம்மனுக்கும் அதே பெயர்தான். சேலை கட்டிய தமிழ்ப் பெண்ணாகக் கையில் குழந்தையோடு நிற்கும் சுரூபத்தை மணிலாவில் செய்வித்து வரவழைத்தார் முனிவர் என்பது அங்கு வழங்கும் செய்தி. தேம்பாவணி அந்த ஊரில்தான் 1726இல் நிறைவு பெற்றது என்பார்கள். ஐரோப்பிய முகத்தோடு நீல மேலாடை போர்த்திய மாதாக்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கோணான்குப்பத்து அம்மா முதலில் அதிர்ச்சியாகவும், அடுத்த நிமிடமே இவ்வளவு நாள் இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்பதாகவும் இருப்பாள். யூதேயா நாட்டை நெல்வயலும் தாமரைக் குளமுமாக நாட்டுப் படலத்தில் பாடிய புலவர் யூதேயாப் பெண்ணுக்குச் சேலை கட்டியதில் வியப்பில்லை. ஒன்று சொல்லில் செய்தது, மற்றது மரத்தில் செய்தது.

இதை வேடம் என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அன்று சொன்னவர்கள் தரங்கம்பாடி லுத்தர் சபையினர். அவர்களுக்கு இது சிலை வணக்கத்தோடு செய்துகொண்ட சமரசம். வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று உரைநடையில் அவர்களோடு மல்லுக்கு நின்றார் முனிவர் (தமிழ் உரைநடையில் கண்டனத்துக்கு இவ்வளவு சூடு உண்டா என்று பார்க்க விரும்புகிறவர்கள் இவற்றைப் படிக்கலாம், நயத்தக்க நாகரிகம் எதிர்பார்க்க வேண்டாம்). இன்று வேடம் என்று சொல்பவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார்கள். பெரியநாயகி எங்களுடைய பெயர், காவி எங்களுடைய துணி என்பது அவர்கள் வாதம். இவர்களுக்கு மறுமொழியாக மதநல்லிணக்கம் என்ற சொல்லைத் தூக்கிப் பிடிக்கும் நண்பர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. வேடம் என்றால் உள்ளே வேறு ஆள் இருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மண்ணில் வாழ்ந்து, இந்த மொழியில் 3615 விருத்தம் எழுதியவரைத் தோலை உரித்து உள்ளே யார் என்று பார்ப்பது இயலாத காரியம். நல்லிணக்கம் என்பதோ அவர் நினைத்தே பாராத ஒன்று. அவர் மதமாற்றத்துக்காக வந்தவர், அதை மறைத்தவரும் அல்லர். அவர் செய்தது இலக்கியக் காரியம். ஒரு மொழியில் தெய்வத்தைக் கூப்பிடுவதற்கு என்ன இலக்கணம் உண்டோ அந்த இலக்கணத்தின்படி கூப்பிட்டார்.

வேளாங்கண்ணியை வைத்து இதற்கு ஒரு மறுப்புச் சொல்லலாம். அங்கே பெரும்புலவர் எவர் பாடிய பிரபந்தமும் நிலைபெறவில்லை. பால் கொண்டுபோன சிறுவன், மோர் விற்ற முடவன், புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் என்ற மூன்று கதைகள்தாம். ஆனால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை காவியுடை உடுத்து நடந்து வரும் கூட்டம் கொள்ளிடக் கரைக்கு வருவதில்லை. 1962இல் பேராலயப் பட்டம் பெற்றது அதுதான். 2004 டிசம்பர் 26இல் கடல் அத்தனை பயணிகளைக் கொண்டுபோன பிறகும் கூட்டம் குறையவில்லை. அப்படியானால் பாடலுக்கு என்ன வேலை? என் மறுமொழி இது: அந்த மூன்று கதைகளே பாடலின் வேலையைச் செய்கின்றன. மூன்றிலும் குளம், சாலை, கரை என்று இடம்தான் கதாநாயகி. புலவன் செய்தாலும் வாய்மொழி செய்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. எனினும் பாடல் கிடைத்த ஊரில் பாடலை மறந்துவிடுவதற்கு இது சமாதானம் ஆகாது. நான் போன நாள்களில் ஏலாக்குறிச்சியில் ஒலிபெருக்கியில் கேட்டவை திரைப்பாடல் மெட்டுகளில் அமைந்த பக்திப் பாடல்கள். அவற்றின்மீது எனக்குப் பகையில்லை. திருக்காவலூர்க் கலம்பகத்தின் ஒரு பாடலையாவது அந்த ஒலிபெருக்கி ஒருநாளாவது பாடக்கூடாதா என்பதுதான் கேள்வி. திருமழபாடியில் தேவாரம் ஒலிக்க ஓர் ஓதுவார் வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம் அல்லவா?

இதுவரை சொன்னதில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் அன்று உடன்வந்த ஒரு மாணவர்.

தேர் நிறுத்தியிருந்த கொட்டகையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கலம்பகத்தில் ஊர்ச் சிறப்பும் வீதிச் சிறப்பும் எப்படி வருகின்றன என்று நான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “எங்க ஊர்லயும் மாதா கோயில் தேர் உண்டுங்க ஐயா. எங்க தெருவுக்கு வராது.” அவர் ஊர் இது அன்று, வேறு மாவட்டம். தெரு என்று அவர் சொன்னது ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்பை. நான்கு தலைமுறைக் கிறித்தவர். தேருக்கு வடம் பிடிக்க அவருடைய அப்பாவுக்கு உரிமையில்லை.

மரியாளுக்கு முனிவர் ஊரைக் கொடுத்தார் என்று பெருமையாகச் சொன்னேன். தமிழ்நாட்டில் ஊர் என்றால் என்ன? ஊரும் சேரியும் சேர்ந்ததற்கு ஊர் என்று பெயரில்லை. சேரியைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் ஊர். தலம் என்றால் தேரோடும் வீதி. வீதி என்றால் யார் வீதி என்ற கேள்வி. விண்ணகத்தில் மட்டும் இருந்தவரை அவளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஊர்க்காரியாக ஆனதும் ஊரின் வழக்கமெல்லாம் அவள்மீதும் ஏறிக்கொண்டது. வடக்கன்குளத்துக் கோயிலில் சாதி பார்த்துப் பிரித்த சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டபோது அது நீதிமன்றம் வரை போனது. கோணான்குப்பத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத எறையூரில், தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதலில், 2008 மார்ச்சில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தனர். அங்கேயும் இருப்பது மாதா கோயில்தான்.

இலக்கிய வடிவத்துக்கு இதில் பங்கில்லை என்று தமிழாசிரியனாகிய நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கலம்பகத்துக்குப் பாட்டியல் நூல்கள் எண்ணிக்கை வகுத்திருக்கின்றன. தேவருக்கு 100, அந்தணருக்கு 95, அரசருக்கு 90, அமைச்சருக்கு 70, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30. அதற்குக் கீழே எண் இல்லை. யாரைப் பாடலாம், எவ்வளவு பாடலாம் என்று சாதிவாரியாக அளந்து வைத்திருக்கும் ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டுதான் அடைக்கல அன்னையைப் பாடினார். தேர்வில் இந்த எண்களுக்கு ஐந்து மதிப்பெண் போடுகிறோம். மாணவர்கள் சரியாக எழுதிவிடுகிறார்கள். அந்த அளவுகோலைப் பற்றி ஒரு வரி கேட்டதில்லை.

அக்காலத்தில் அப்படித்தான், பதினெட்டாம் நூற்றாண்டு மனிதரிடம் இன்றைய கேள்வியைக் கேட்கலாமா என்பார்கள். கேட்கலாம், ஏனென்றால் அது இன்றைய கேள்வி மட்டும் அன்று. மதுரை மிஷனில் உயர்சாதியாருக்குப் பிராமண சந்நியாசிகள், மற்றவர்க்குப் பண்டார சாமிகள் என்று துறவியரையே பிரித்து வைத்திருந்தார்கள். திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன், 1704இல் புதுச்சேரியிலிருந்து விடுத்த ஆணையில் இந்த நாட்டுச் சடங்குகள் பலவற்றைத் தடுத்தார். நோயுற்ற பறையர் வீட்டுக்குள் குருக்கள் போக மறுப்பதையும் சேர்த்தே கண்டித்தார். முனிவர் கோவாவில் கால் வைப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அதே ஆணையை உறுதிப்படுத்தினார். கொடுமை என்னவென்றால், தாலியையும் பொட்டையும் பற்றி உரோமாபுரிக்கு இருந்த ஐயங்கள் பெரும்பாலும் அறியாமையால் வந்தவை. இந்த ஒரு கேள்வி மட்டும் சரியான கேள்வி. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டதால், பண்பாட்டைக் காக்கிறோம் என்று சொல்லித் தீட்டையும் சேர்த்துக் காப்பாற்ற வழி கிடைத்தது. இன்றைக்கும் இந்த மூட்டையை யாரும் ஒழுங்காகப் பிரித்ததாகத் தெரியவில்லை. சேலை கட்டிய மாதாவைப் பாராட்டும் கட்டுரைகள் தெருவைப் பற்றிப் பேசுவதில்லை. தெருவைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குச் சேலை வெறும் ஏமாற்று.

நான் இரண்டையும் விடுவதாக இல்லை. அவள் காவலூர்க்காரி என்பது தமிழ் இலக்கியத்தின் பெரிய சாதனைகளுள் ஒன்று. அந்தப் பெயருக்கு உரிய கடனை ஊர் இன்னும் தீர்க்கவில்லை என்பதும் உண்மை. ஆறு கடந்து ஓடிவந்தவர்களுக்காக வைத்த பெயர் அது. தேர் வராத தெருவில் இருப்பவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் என்ன மறுமொழி இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மேற்கத்தியக் கொள்கை எதையும் கடன் வாங்க வேண்டியதில்லை. கலம்பகத்தின் தலைப்பே போதும்.

பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிற்றிலக்கியத் தாளில் நந்திக் கலம்பகத்துக்குப் பக்கத்தில் திருக்காவலூர்க் கலம்பகத்தையும், முடிந்தால் கித்தேரியம்மாள் அம்மானையையும் வையுங்கள். போர்ச்சுகல் நாட்டுப் புனிதை ஒருத்தியின் கதையைத் தமிழ்ப் பெண்கள் பாடும் அம்மானையாக்கியது சாதாரண வேலை அன்று. நல்ல பதிப்புகள் எளிதில் கிடைப்பதில்லை, நூலகங்களில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மாணவருக்கு ஆகும் விலையில் உரையோடு ஒரு பதிப்பு வந்தாக வேண்டும். ஆயரகங்கள் அதைச் செய்யலாம், பல்கலைக்கழகங்களும் செய்யலாம். பாடம் நடத்தும்போது ஒருமுறையாவது ஊருக்குக் கூட்டிப் போங்கள். போய் வந்தபின் வகுப்பில் யார் யார் ஊரில் தேர் எந்தெந்தத் தெருவழியே போகிறது என்று எழுதச் சொல்லுங்கள். மாதா கோயில் தேர் மட்டுமில்லை, எல்லாத் தேரும். நான் எழுதச் சொன்னேன். இருபத்திரண்டு பேர் எழுதினார்கள். தமிழ் வீதிச் சிறப்பு என்ற பொருளில் நான் படித்த கட்டுரைகளில் மிக நல்லவை அவை. பருவத் தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது. அந்தப் பருவத்திலும் வினாத்தாளில் வந்தது, சதுரகராதியின் நான்கு பிரிவுகள் யாவை என்பதுதான்.